எடை காத்திருக்கும்: பி.டி. டீச்சர் பதில்கள்

பளு தூக்கப் புதிதாக வருகிறவர்கள் எப்படித் தொடங்குவது, அடிபடாமல் எப்படிப் பழகுவது என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் 27 வருஷமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். மண்டபத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. விடிகாலையில் பிள்ளைகள் அங்கேதான் பழகுகிறார்கள். உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

டீச்சர், எனக்கு 19 வயசு. ஜிம்மில் சேர்ந்து மூணு வாரம் ஆகுது. கூடச் சேர்ந்த பசங்க டெட்லிஃப்டில் (தரையில் கிடக்கிற எடையைக் குனிந்து பிடித்து நிமிர்வதில்) 100 கிலோ போடுறாங்க. நான் 70 போட்டேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நாலு நாளில் பரவாயில்லாமப் போச்சு. இனிமே எத்தனை கிலோவில் இருக்கணும்?
— தங்கச்சிமடம்

20 கிலோ, தம்பி. தட்டு எதுவும் மாட்டாத வெறும் இரும்புக் கம்பி, அதாவது ராடு மட்டும். அதுவும் இடுப்பு முழுசாகச் சரியான பிறகுதான். குனிந்து செருப்பை எடுக்கும்போதும், காலையில் பாயை விட்டு எழும்போதும் இடுப்பில் ஒன்றும் தெரியக் கூடாது. அது வரைக்கும் நடை மட்டும் போதும்.

ராடு 20, இரண்டு பக்கமும் 10, 10, 5 என்று மாட்டித்தான் 70 வந்திருக்கும். நம் பக்கத்து ஜிம்களில் இருக்கிற 10 கிலோ இரும்புத் தட்டு அகலத்தில் சின்னது. போட்டிகளில் பயன்படுத்துகிற பெரிய தட்டுக்குக் குறுக்களவு 45 சென்டிமீட்டர். அதை மாட்டினால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில், கெண்டைக்காலின் நடுவாக்கில் நிற்கும். சின்னத் தட்டை மாட்டினால் ராடு கணுக்கால் பக்கமாக இறங்கிவிடும். அத்தனை தாழ்வாகக் குனிய உன் தொடையின் பின்சதை இன்னும் இளகியிருக்காது. மீதிக் குனிவை முதுகு வளைந்துதான் கொடுத்திருக்கும். உன் இடுப்பு பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் தட்டுக்கு அடியில் சமமான பலகைகளைப் போட்டு ராடை உயர்த்தி வை. செங்கல் வேண்டாம், உடைந்து நழுவும்.

அடுத்து, குனிகிற விதம். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு வீட்டுக்குள் வருகிற உன் அம்மா கதவை எப்படிச் சாத்துகிறார்கள் என்று பார்த்திருக்கிறாயா? பின்புறத்தைப் பின்னால் தள்ளிச் சாத்துவார்கள். அந்தத் தள்ளல்தான் டெட்லிஃப்டின் பாதி. முழங்கால் கொஞ்சம் மடங்கும், இடுப்பு பின்னால் போகும், முதுகு நேராக இருக்கும். முதுகு நேராக இருக்கிறதா என்பது உனக்கே தெரியாது. ஒரு விளக்குமாற்றுக் கம்பை முதுகோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டு குனி. தலையின் பின்பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவில், முதுகின் அடி எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் கம்பு ஒட்டியே இருக்க வேண்டும். ஓர் இடத்தில் விலகினாலும் அதற்கு மேல் குனியாதே. என் கொட்டகையில் முதல் பத்து நாள் இந்தக் கம்பு மட்டும்தான். சலித்துப் போய் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு இன்று வரை இடுப்பில் ஒன்றும் இல்லை.

தூக்கும் முன் மூச்சை வயிறு வரைக்கும் இழுத்து நிறுத்து. யாராவது வயிற்றில் குத்த வந்தால் எப்படி இறுக்குவாயோ, அப்படி இறுக்கு. ராடு கால் எலும்பை உரசிக்கொண்டே மேலே வர வேண்டும். உடம்பை விட்டு நாலு விரல்கடை விலகினாலும் அந்த எடை முழுவதும் இடுப்பில்தான் விழும்.

வாரத்தில் ஓரிரு நாள், ஐந்து ஐந்து முறையாக மூன்று சுற்று (செட்) போடு. ஐந்தாவது முறையும் முதல் முறை மாதிரியே சுத்தமாக வந்தால் அடுத்த வாரம் 5 கிலோ ஏற்று. அந்தக் கணக்கில் நீ மறுபடியும் 70-க்கு வர 10 வாரம் ஆகும். முதல் இரண்டு மாதத்தில் எடை சீக்கிரம் சீக்கிரமாக ஏறுவதற்குக் காரணம், நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதுதான். சதை பிறகுதான் வளரும். சதையை எலும்போடு கட்டியிருக்கிற தசைநாண்கள் பலப்பட அதைவிட நாளாகும். உன்னால் தூக்க முடிகிறது என்பதற்காக அவை தயாராகிவிட்டன என்று எடுத்துக்கொள்ளாதே.

கூடச் சேர்ந்த பிள்ளைகள் 100 போடும்போது ஒரு நாள் பக்கவாட்டில் நின்று அவர்களுடைய முதுகைப் பார். உன் கண்ணுக்கே தெரிந்தால் அவர்களிடமும் சொல்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் எனக்கு ஜிம்முக்குப் போக முடிகிறது. விசைப்படகில் வேலை. தடை முடிந்து கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் இரும்பைத் தொட முடியாது. திரும்பி வரும்போது விட்ட எடையிலேயே தொடங்கலாமா? வயது 34.
— பாம்பன்

வேண்டாம். விட்ட எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரம் விட்டிருந்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. பத்து மாதம் என்பது வேறு. பழகிய உடம்பு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும். சில வாரங்களில் விட்ட இடத்தைத் தொட்டுவிடுவீர்கள். அந்தச் சில வாரத்துப் பொறுமை இல்லாமல்தான் ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் யாராவது ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்.

வலை இழுக்கிறவர்களுக்குப் பிடியும் முதுகும் முன்னங்கையும் ஏற்கெனவே உரமாக இருக்கும். வருஷம் முழுக்க இழுத்து இழுத்து நெஞ்சும் தோளின் முன்பக்கமும் முன்னால் கூம்பியிருக்கும். இந்த நிலையில் நேராகப் பெஞ்சில் படுத்து நெஞ்சுக்கு எடை போடுவது தோளுக்கு நல்லதில்லை. முதலில் கையைத் தலைக்கு மேலே, காதை ஒட்டி நேராகத் தூக்க முடிகிறதா என்று சுவரில் முதுகை வைத்து நின்று பாருங்கள். இடுப்பு சுவரை விட்டு வளைகிறது என்றால் தோள் இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். ஒரு மாதத்துக்குத் தொடைக்கும் தோளின் பின்பக்கத்துக்கும் பழகுங்கள். நெஞ்சுப் பயிற்சியைச் சுவரில் கை ஊன்றியும், பிறகு தரையில் தண்டாலாகவும் எடுங்கள்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அக்கினி நட்சத்திரமும் அதற்குள்ளேதான் வருகிறது. தகரக் கொட்டகைக்குள் மே மாதத்தில் சாயங்காலம் 4 மணிக்குப் பழகுவது அடுப்புக்குள் உட்காருவது மாதிரி. காலை 5 மணிக்கு வாருங்கள். வியர்வையில் உப்பும் போகிறது, வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர் இரண்டும் நல்லவை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். தடை தொடங்கிய முதல் வாரத்தில் நண்பர்களோடு பந்தயம் கட்டி 300 பஸ்கி (உட்கார்ந்து எழுவது), 500 பஸ்கி என்று எடுக்காதீர்கள். பழக்கமில்லாத சதையை ஒரே நாளில் அத்தனை வேலை வாங்கினால் அது சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தொடை கல்லாகி வீங்கியிருந்தால், ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் நாள் எத்தனை பஸ்கி எடுத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பெல்ட், கையுறை, ஷூ எல்லாம் முதலிலேயே வாங்க வேண்டுமா? கை வழுக்குகிறது என்று முகப்பவுடர் போட்டுக்கொள்கிறேன், சரியா?
— தொண்டி

பெல்ட்டும் கையுறையும் இப்போதைக்கு வேண்டாம். வயிற்றை இறுக்கத் தெரியாதவர் பெல்ட் கட்டினால், இறுக்கத் தெரியாமலேயே எடை மட்டும் ஏறும். கையுறை போட்டால் ராடு இன்னும் தடிமனாகிப் பிடி நழுவும். ஷூவில் கவனம் வேண்டும். ஓடுவதற்கான மெத்து மெத்தென்ற ஷூவைப் போட்டுக்கொண்டு எடையோடு நிற்பது ஈர மணலில் நிற்பது போல, கால் ஒரு பக்கம் சாயும். அடி தட்டையான கேன்வாஸ் ஷூ போதும்.

முகப்பவுடரை இன்றோடு நிறுத்துங்கள். அது வழுக்கும். பளு தூக்குகிறவர்கள் கையில் பூசுவது மெக்னீசியம் கார்பனேட், ஈரத்தை உறிஞ்சி பிடி கொடுக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். அது கிடைக்காவிட்டால் ஒரு பருத்தித் துண்டு வைத்துக் கையை அடிக்கடி துடையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ராடு பத்து நாளில் துருவேறும். அந்தத் துரு உள்ளங்கையைக் கிழிக்கும். வாரம் ஒரு முறை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மெல்லிய மெஷின் எண்ணெய் தடவி, பிசுக்கில்லாமல் துடைத்து வையுங்கள்.

தட்டு நழுவாமல் பிடிக்கிற லாக்கை ராடின் இரண்டு முனையிலும் மாட்டிய பிறகே தூக்குங்கள். பெஞ்சில் மட்டும், பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லாமல் ஒருபோதும் படுக்காதீர்கள். கட்டை விரலை ராடைச் சுற்றி மடக்கிப் பிடியுங்கள்.

எனக்கு 45 வயசு டீச்சர். சின்ன வயசிலிருந்து கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறேன். மூட்டையைத் தூக்கித் தூக்கி இடுப்பும் தோளும் போச்சு. என் மகள் நீங்க சொல்லிக்கொடுக்கிற மாதிரி வெயிட் தூக்கினா பலம் வரும்னு சொல்றா. ஏற்கெனவே தூக்கிச் சாகிறவளுக்கு இன்னும் தூக்கினா எப்படிச் சரியாகும்?
— பாம்பன் சின்னப்பாலம்

அக்கா, உங்கள் மகள் எழுதிக் கொடுத்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் அம்மாவும் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர்தான். துணியைச் சுற்றிய விரல்களோடு பாறையில் பிய்த்துப் பிய்த்து, மூட்டையோடு கரையேறி வந்து, ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து தூங்குவார். அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிற வயதில் எனக்கே இது தெரிந்திருக்கவில்லை.

பாசி மூட்டை தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் லேசாக இருக்கும், கடல் பாதியைச் சுமக்கும். தண்ணீர் மட்டத்தை விட்டு மேலே வருகிற அந்த இழுப்பில்தான் முழு எடையும் ஒரே வீச்சாக வந்து விழுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் குனிந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, கையை நீட்டி இழுக்கிறீர்கள். இடுப்பு போவது அந்த இடத்தில்தான். மூட்டையின் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, இடுப்போடு சாய்த்து, தண்ணீர் வடிகிற வரை நின்று, பிறகு எடுங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். ஒரு பெரிய மூட்டையை இரண்டு சின்ன மூட்டையாக்க முடிந்தால் ஒரு நடை கூடும், பரவாயில்லை. இரண்டு மணி நேரம் குனிந்தே இருந்துவிட்டு நிமிர்ந்ததும் உடனே தூக்காதீர்கள். கையை இடுப்பில் வைத்துப் பின்னால் மெல்ல நிமிர்ந்து, பத்தடி நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தூக்குகிற மூட்டை உங்கள் வசதியைக் கேட்பதில்லை. களைத்திருந்தாலும், காய்ச்சலாக இருந்தாலும், காலுக்கடியில் பாறை வழுக்கினாலும் தூக்கியாக வேண்டும். கொட்டகையில் நாம் எடுக்கிற எடையை நாமே தீர்மானிக்கிறோம், அதுவும் கொஞ்சமாக, தட்டையான தரையில் நின்று, ஓய்வு விட்டு எடுக்கிறோம். அதில் தொடையும் பின்புறமும் பலப்பட்டால் கடலில் இடுப்பு செய்கிற வேலையைக் கால்கள் எடுத்துக்கொள்ளும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து உட்காருங்கள். பாசி எடுக்கப் போகாத நாட்களில் மூன்று தடவை. இரண்டு வாரம் கழித்து இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். முதல் மாதத்துக்கு இது போதும்.

ஒன்றை மறைக்காமல் பாருங்கள், அக்கா. தூக்கும்போது அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவது போல் இருந்தாலோ, இருமினால் சிறுநீர் கசிந்தாலோ பெண் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேருக்கு இது உண்டு. வைத்தியமும் உண்டு, அதற்கென்று தனிப் பயிற்சியும் உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்டு நாம்தான் வருஷக்கணக்கில் சுமக்கிறோம்.

என் மகளுக்கு 14 வயது. பளு தூக்கும் போட்டியில் சேர வேண்டும் என்கிறாள். உயரம் வளராது, கர்ப்பப்பை இறங்கிவிடும், உடம்பு ஆண் மாதிரி ஆகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ராமநாதபுரம்

அனுப்புங்கள். உலகப் பளுதூக்கும் சம்மேளனமே 13 வயதிலிருந்து இளையோர் பிரிவு வைத்திருக்கிறது. முறையாகச் சொல்லிக் கொடுப்பவர் கூட நின்று, எடையைப் படிப்படியாக ஏற்றினால் பளு தூக்குவதால் உயரம் நிற்காது, கர்ப்பப்பையும் இறங்காது. ஆண் மாதிரி தடித்த சதை வளர ஆண்களின் ஹார்மோன் அளவு வேண்டும், அது பெண் பிள்ளையின் உடம்பில் இல்லை. மாதவிலக்கு நாட்களில் முடிந்தால் பழகலாம், வலித்தால் அன்று விட்டுவிடலாம். மூன்று மாதமாக மாதவிலக்கே வரவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும், எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்கிறாளா என்று பாருங்கள்.

2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் பெண்களின் பளுதூக்கல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதே போட்டியில் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 110-ம், தோளுக்கு ஏற்றிப் பிறகு தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அண்டு ஜெர்க்கில் 130-ம் ஆக 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக்கில் வாங்கிய முதல் பதக்கம் அதுதான். அப்போது எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருஷம். பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. டோக்கியோவில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு அதற்கு முந்தைய ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்டு ஜெர்க்கின் மூன்று வாய்ப்பிலும் தவறியவர். சொந்தக்காரர்களிடம் இதையெல்லாம் சொல்லுங்கள்.

சேர்க்கிற இடத்தில் இவற்றைப் பாருங்கள். முதல் மாதம் பிள்ளை கையில் மரக்கம்போ பிளாஸ்டிக் பைப்போ கொடுக்கிறார்களா? பெண்களுக்கான 15 கிலோ ராடு இருக்கிறதா? அது ஆண்களின் ராடைவிட மெலிது, சின்னக் கைக்கு அடங்கும். முதல் வாரமே எடை ஏற்றி வீடியோ எடுக்கிற இடமாக இருந்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரமலான் நோன்பில் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா? ஒரு மாதத்தில் எல்லாம் போய்விடுமே.
— கீழக்கரை

நிறுத்த வேண்டாம், புது எடைக்கும் போக வேண்டாம். என்னிடம் பழகுகிற கீழக்கரைப் பிள்ளைகள் ராத்திரித் தொழுகையான தராவீஹ் முடித்துவிட்டு வருகிறார்கள். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தண்ணீரும் உள்ளே போயிருப்பதால் அந்த நேரம் நல்லது. வழக்கமான எடையில் முக்கால் பங்கு, செட்டில் பாதி, வாரம் இரண்டு நாள். இருப்பதைக் காப்பாற்ற அது போதும். பகலில், தண்ணீர் குடிக்க முடியாத நேரத்தில் கனமாகத் தூக்கி மயங்கி விழுந்தால் ராடு உங்கள் மேல் விழும். விடியலுக்கு முன் சாப்பிடுகிற சஹரில் முட்டையோ மீனோ பருப்போ கட்டாயம் இருக்கட்டும்.

ஜிம்மில் ஒருத்தர் ஊசி போட்டா மூணு மாசத்தில் உடம்பு ஏறும்னு சொல்றார். பவுடரும் வாங்கச் சொல்றார். வாங்கலாமா?
— ஏர்வாடி

ஊசி வேண்டவே வேண்டாம். அந்த ஜிம்மையும் விட்டுவிடுங்கள். சதை வேகமாக ஏறும், தசைநாண் ஏறாது, கடைசியில் அது அறுந்து போகும். இதயம், ஈரல், விதைப்பை எல்லாம் கெடும். இளம் வயதாக இருந்தால் எலும்பின் வளர்ச்சியே முன்கூட்டி நின்றுவிடும்.

பவுடர் தேவையில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் பழகத் தொடங்கினால் நாளுக்கு 75 முதல் 95 கிராம் புரதம் தாராளமாகப் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. விலை மலிந்த நாளில் சாளையும் காரலும் வாங்கிக் குழம்பு வைத்தாலே வேலை முடிந்தது. நாம் இருப்பது கடற்கரையில்.

எந்த வலியைப் பொறுத்துக்கொண்டு பழகலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்? எல்லா வலிக்கும் நிறுத்தினால் முன்னேறவே முடியாது என்கிறார்களே.
— ராமேஸ்வரம்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியை எழுத ஒத்துக்கொண்டேன்.

1996-ல் எனக்கு 21 வயது. மதுரையில் படித்துக்கொண்டே பளு தூக்கப் பழகிக்கொண்டிருந்தேன். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. இடுப்பின் வலப்பக்கத்தில் ஒரு வலி, குனியும்போது மட்டும் வரும். ஒரு வாரத்தில் அது தொடைக்கு இறங்கியது, பிறகு கெண்டைக்காலுக்கு. பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னேன். "இதெல்லாம் ஒரு வலியா, பொம்பளைப் பிள்ளைங்கன்னாலே இப்படித்தான்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு நான் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. விடுதியில் சுளுக்கு எடுக்கிறவரிடம் காட்டி, முழங்காலை முதுகில் வைத்து அழுத்தி இழுத்தார்கள். இரண்டு நாள் கழித்து 55 கிலோவைத் தரையிலிருந்து இழுத்தபோது இடுப்புக்குள் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. ராடை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலது பாதத்தின் பெருவிரலைத் தூக்க முடியவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்திவிட்டது என்றார்கள். ஏழு மாதம் என் செருப்பை என் அம்மாதான் மாட்டிவிட்டார். போட்டி மேடையில் நான் பிறகு ஏறவே இல்லை.

55 கிலோ எனக்குப் பெரிய எடை இல்லை. அந்த மூன்று வாரத்தை விட்டிருந்தால் அடுத்த வருஷப் போட்டிக்கு நான் இருந்திருப்பேன்.

ஆகவே, கேளுங்கள். பழகிய மறுநாளும் அதற்கு மறுநாளும் சதை முழுவதும் கனத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொட்டால் வலிப்பது சதை வலி. கொஞ்சம் நடந்து உடம்பு சூடானால் குறையும், மூன்று நாளில் போய்விடும். அதோடு பழகலாம். ஒரு விரலை வைத்து "இங்கே" என்று காட்ட முடிகிற வலி, மூட்டுக்குள் குத்துகிற வலி, ஒரு பக்கம் மட்டும் வருகிற வலி, தூக்கும்போதே சுரீர் என்று வருகிற வலி இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிடமே ராடைக் கீழே வையுங்கள். செட்டை முடித்துவிட்டு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் யாரிடமும் முதுகைக் கொடுத்து இழுக்கச் சொல்லாதீர்கள். உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போய், சிறுநீர் வராமலோ அடக்க முடியாமலோ ஆனால் அன்றைக்கே, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் அந்த நரம்பு திரும்பாமலே போகலாம். தொடை இடுக்கில் புடைப்பு வந்து, படுத்தால் உள்ளே போகிறது என்றால் அது குடலிறக்கம். அதோடு தூக்கக் கூடாது. தூக்கும்போது நெஞ்சை அடைத்தாலும், தாடைக்கோ இடக்கைக்கோ வலி பரவினாலும் காத்திருக்காதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நான் மேலே சொன்னபடி மூச்சை நிறுத்திப் பிடிக்க வேண்டாம். எடையைக் குறைத்து, தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வலிக்கிறது என்று வந்தால் முதலில் எங்கே என்று கேளுங்கள். நான் 27 வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு முன்னால் பழைய இளவட்டக்கல் ஒன்று கிடக்கிறது. வருகிற பொங்கலுக்கு இளைஞர்கள் தூக்குவதாக முடிவு. ஜிம்முக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. நானும் தூக்கலாமா?
— சாயல்குடி பக்கம்

இந்தப் பொங்கலுக்கு வேண்டாம். அடுத்த பொங்கலுக்குத் தூக்குங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

கல்லும் ராடும் ஒன்றல்ல. ராடில் கைப்பிடி உண்டு, காலுக்கு நேராக மேலே வரும். உருண்டைக் கல்லுக்குப் பிடி கிடையாது. காலுக்கு முன்னால் கிடக்கிறதைக் கட்டியணைத்து, முதுகு வளைந்து, முதலில் மடியில் ஏற்றி, பிறகு நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டு போக வேண்டும். அந்த வளைவைத் தாங்குகிற முதுகு இரண்டு மாதத்தில் வராது. கையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து இழுக்கும்போது முழங்கை மடங்கியிருந்தால் மேற்கைச் சதையின் நாண் அறுந்து போகும். கை நீண்டே இருக்க வேண்டும். நழுவினால் பிடிக்கப் போகாமல் பின்னால் விலகிக்கொள்ள வேண்டும். தோளுக்கு மேலே போய்ப் பின்னால் விழுகிற கல்லுக்குக் கீழே வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் நிற்கக் கூடாது. இதையெல்லாம் உங்கள் ஊரில் தூக்கப் போகிற எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். கல்லின் எடை யாருக்காவது தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியாவிட்டால் மீன் இறங்குதளத்திலிருந்து ஒரு பெரிய தராசைக் கொண்டுவந்து நிறுத்துப் பாருங்கள். என் கொட்டகைத் தட்டுகளை அப்படித்தான் நிறுத்தேன். 20 என்று எழுதியிருந்த ஒரு தட்டு 22-க்குக் கொஞ்சம் குறைவாக நின்றது.

நாளையிலிருந்து மணல் மூட்டையில் தொடங்குங்கள். கெட்டியான சாக்கில் 20 கிலோ போட்டு, வாயை இரண்டு முறை கட்டி, தரையிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து நெஞ்சுக்கு. வாரம் இரண்டு நாள், ஐந்து முறை. மாதம் 5 கிலோ மட்டும் ஏற்றுங்கள். மணலை நன்றாகக் காயவைத்து நிரப்புங்கள். கடற்கரையிலிருந்து ஈரத்தோடு அள்ளிப் போட்டால் நீங்கள் 20 என்று நினைத்துத் தூக்குவது எத்தனை கிலோ என்று உங்களுக்கே தெரியாது.